பின்வாசல் வழியாக ஹாலிபாக்ஸ்

பாளையங்கோட்டை மூங்கிலடித் தெருவில் இருந்து கனடாவில் இருக்கும் ஹாலிபாக்ஸ் எவ்வளவு தூரம் என்று கேட்டால் எங்கள் தெருவில் ஆளுக்கு ஒரு பதில் கிடைக்கும், எல்லாமே சரியான பதில்தான். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, நடுவில் இரண்டு இடத்தில் இறங்கி மாறி, பதின்மூவாயிரம் கிலோமீட்டர் போலப் பறந்து, ஒரு பகலையும் ஒரு இரவையும் தின்று தீர்த்தபின் போய்ச் சேரலாம் என்று கம்ப்யூட்டர் சொல்லும். தையல்கார எஸ்தரம்மாவோ, அடுப்படியைத் தாண்டி, அம்மி கிடக்கிற இடத்தைத் தாண்டி, பின்வாசல் நிலைப்படியில் நின்று பார்த்தால் பத்து எட்டு வைக்கிற தூரம் என்பார். அந்தப் பதின்மூவாயிரம் எப்படிப் பத்து எட்டாகச் சுருங்கியது என்பதைத்தான் சொல்ல வந்தேன். நம்ப மாட்டேன் என்கிறவர்கள் வந்து எஸ்தரம்மா வீட்டு அடுப்படிச் சுவரில் உப்புப் பூத்திருப்பதைத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள், உங்களோடு மல்லுக்கு நிற்க எனக்கு நேரமில்லை.

எஸ்தரம்மா வீட்டுக்குக் கிழக்கே இரண்டு வீடு தள்ளி கோமதிநாயகம் அண்ணாச்சி வீடு. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசின் பெரும்பகுதியை நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, ஆரல்வாய்மொழி என்று நாகர்கோவில் ரூட்டிலேயே கழித்தவர். டிக்கெட் இல்லாமல் பெற்ற தாய் ஏறினாலும் விசில் அடித்து இறக்கிவிடுவார் என்று பேரெடுத்தவர். மனைவி இறந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. ஒரே மகள் சங்கரி கல்யாணமாகி ஹாலிபாக்ஸில் இருக்கிறாள், மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, பாதி வருஷம் தண்ணீரில்தான் குடித்தனம். சங்கரி முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி வந்ததும் பேறுகாலம் பார்க்க யார் போவது என்ற பேச்சு எழுந்தது. பெற்றவள் இல்லை, மாமியார் எழுந்து நடமாட முடியாதவர்.

"நான் போறேன்" என்றார் அண்ணாச்சி.

தெருப் பெண்கள் நாங்கள் எல்லோரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஆனால் மனுஷன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீடு வீடாக வந்து, பத்தியக் குழம்புக்கு மிளகு எத்தனை, லேகியத்தில் கருப்பட்டிப் பாகு எந்தப் பதத்தில் இறக்குவது, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது தலையை எப்படித் தாங்குவது என்றெல்லாம் வெட்கமில்லாமல் கேட்டு, ஒரு தலையணையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிப் பழகினார், அந்தத் தலையணை காய ஒரு வாரம் பிடித்தது. அதற்குப்பிறகு நாங்கள் சிரிப்பதை விட்டுவிட்டோம்.

அவருக்கு அதில் ஒரு வேகம் இருந்ததற்குக் காரணம் உண்டு. சங்கரி பிறந்தபோது அண்ணாச்சி டூட்டியில் இருந்தார். வள்ளியூரில் எதிரே வந்த பஸ்ஸின் கண்டக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏ கோமதி, ஒனக்குப் பொம்பளப் பிள்ள!" என்று கத்திவிட்டுப் போனார், அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த செய்தி, மாற்றுவதற்கு ஆள் இல்லாமல் நாகர்கோவில் போய்த் திரும்பித்தான் பிள்ளை முகத்தைப் பார்த்தார். பிறகு பள்ளிக்கூட ஆண்டு விழா, பெரியவளான சடங்கு, எல்லாவற்றுக்கும் பாதியில் வந்து பாதியில் போனவர். இந்த ஒரு தடவையாவது என் பிள்ளைக்கு வலி எடுக்கிற நேரத்தில் நான் கதவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று அவர் என்னிடமே சொல்லியிருக்கிறார்.

"நடுவுல எத்தன ஸ்டாப்பும்மா?" என்று போனில் மகளிடம் கேட்டார்.

"ரெண்டுதாம்ப்பா."

"பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு ரெண்டே ஸ்டாப்பா? நாங்க நாங்குநேரி போறதுக்குள்ள அதுக்கு மேல நிப்பாட்டிருவோமே! வண்டி எத்தன மணி நேரம் ஓடும்?"

"மாறுற நேரமெல்லாம் சேத்தா ஒரு நாளுக்கு மேல ஆயிரும்ப்பா. அத விடுங்க, விசா வந்துட்டா?"

விசா வரவில்லை. வராது என்றும் யாரும் சொல்லவில்லை. இன்று வரும், நாளை வரும் என்று வாசலையும் போனையும் பார்த்தபடி கார்த்திகை பிறந்தது. ஜோசியரோ பஞ்சாங்கத்தைப் புரட்டி, வருகிற வியாழக்கிழமையை விட்டால் மேற்கே நெடும்பயணம் கிளம்ப தை பாதிவரை நல்ல நாள் இல்லை என்று சொல்லிவிட்டார். பேறுகாலம் தை மாதம் நடுவில்.

எங்கள் பக்கம் இதற்கு ஒரு வழி உண்டு. நல்ல நேரம் ஒரு நாளும் புறப்பாடு வேறு நாளுமாக அமைந்துவிட்டால், அந்த நல்ல நேரத்தில் ஒரு பையை மட்டும் போகிற திசையில் உள்ள இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். பரஸ்தானம் என்று பெயர். பை புறப்பட்டாயிற்று, ஆள் பிறகு வந்து எடுத்துக்கொண்டு போவார், அவ்வளவுதான் கணக்கு. வைத்த பையைப் பயணம் போகாமல் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது ஒன்றுதான் கட்டுப்பாடு. ஆனால் இது டிக்கெட்டைக் கையில் வைத்திருப்பவர்கள் செய்கிற காரியம். விசாவும் இல்லாமல் டிக்கெட்டும் இல்லாமல், என்றைக்குக் கிளம்புவோம் என்றே தெரியாமல், ஒரு மனுஷன் பரஸ்தானம் வைத்தது எங்களுக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை, அதுவும் ஒரு கண்டக்டர்.

மேற்கே அவருக்கு வாய்த்த வீடு எஸ்தரம்மா வீடு. எஸ்தரம்மா வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், கணவர் போனபின் தையல் மிஷினை நம்பிப் பிழைக்கிறவர், தெருவில் முக்கால்வாசிப் பேருடைய ஜாக்கெட் அளவு அவர் தலைக்குள் இருக்கிறது.

"எனக்கு ராகுகாலமும் கெடையாது, எமகண்டமும் கெடையாது அண்ணாச்சி" என்றார் எஸ்தரம்மா. "ஆனா ஒரு பைய வைக்க எடம் இருக்கு. கொண்டாங்க."

அண்ணாச்சி குறித்த நேரத்தில் பையைக் கொண்டுபோனார். சுக்கு, திப்பிலி, பூண்டு, லேகியம், வசம்பு, பாலாடை, பிள்ளைக்குச் சுற்ற பழைய வேட்டியில் கிழித்த பூத்துணி எல்லாம் அதில் இருந்தன. அடுப்படியில் மேற்குச் சுவர் ஓரமாக ஒரு முக்காலி மேல் பையை வைத்து, கிழக்கே திரும்பி ஒரு கும்பிடு போட்டார். அத்தோடு வந்திருக்கலாம். முப்பது வருஷப் பழக்கம் யாரை விட்டது? சுவரில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, "ஹாலிபாக்ஸ்! போலாம் ரைட்!" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் எஸ்தரம்மா சோற்றுக் கஞ்சியைக் கொட்டப் பின்வாசலைத் திறந்தால், பின்பக்கத்து அந்தோணி வீட்டு மதில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய காயலும் தென்னை மரங்களும் இருந்தன. வள்ளத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு மலையாளத்துக்காரர் துடுப்பை நிறுத்தி இவரையே பார்த்தார். எஸ்தரம்மா அவர் மேல் தெறிக்காதபடி கஞ்சியைக் கொட்டிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, அன்று சாயங்காலக் கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டிய ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைக்க உட்கார்ந்தார். வேலை முடிந்த பிறகுதான் அண்ணாச்சி வீட்டுக்கு வந்து சொன்னார்.

"அண்ணாச்சி, உங்க பை கெளம்பிட்டு. எங்க வீட்டையும் கூட்டிட்டுப் போவுது."

வாசல் எங்கள் தெருவிலேயேதான் இருந்தது, முன்னறையும் மிஷினும் அசையவில்லை, அந்தோணி வீட்டில் இருந்து பார்த்தால் மதிலும் மதிலாகவே இருந்தது. எஸ்தரம்மாவின் பின்வாசல் மட்டும் மேற்கே போய்க்கொண்டிருந்தது, டவுன் பஸ் வேகத்தில், ஆடாமல் குலுங்காமல். மூன்றாம் நாள் படிக்கட்டில் அரபிக்கடல் வந்து அடித்தது. நாங்கள் எல்லோரும் போய் வரிசையில் நின்று பார்த்தோம், பார்த்துவிட்டு வந்து அவரவர் உலையை வைத்தோம். கவுன்சிலர் வந்து, கடலையும் சேர்த்து அளந்தால் வீட்டு வரியை ஏற்ற வேண்டியிருக்குமே என்று தலையைச் சொறிந்துவிட்டுப் போனார். எஸ்தரம்மாவின் சபை ஐயர், பாதிரியார்தான், அவரும் வந்து, கடலைப் பார்த்து ஒரு சின்ன ஜெபம் செய்து, அலை தூக்கிப் போட்ட இரண்டு மீனை வாழை இலையில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார். மீன் வாடை பையில் ஏறிவிடுமே என்று சைவப் பிள்ளையான அண்ணாச்சி தவித்துப்போய், பையைச் சுற்றி ஊதுபத்தி கொளுத்தி வைத்தார்.

கடல் முடிந்து பாலைவனம் வந்தபோதுதான் தெரு முழுசாக விழித்துக்கொண்டது. இங்கே கார்த்திகை அடைமழை, துவைத்த துணி மூன்று நாளாகியும் காயாமல் நாறிக்கொண்டிருந்தது, அங்கே பின்வாசலில் வெயில் தீயாக எரிந்தது. எஸ்தரம்மா கொடியை நீளமாகக் கட்டிவிட்டார். ஒரு தெருவின் சேலையும் வேட்டியும் பள்ளிக்கூட யூனிபார்மும் அந்நிய மண்ணில் காய்ந்தன. கூழ்வற்றல் போடத் தைரியம் வந்தவர்கள் கூழ்வற்றலும் போட்டார்கள், நான் போட்டேன், அந்த வருஷம் பொரித்த வற்றலில் கொஞ்சம் மணல் கடித்தது, மற்றபடி குறையில்லை.

அப்போதுதான் மைமூன் வந்தாள். தெருக்கடைசி வீட்டு மைமூன், அவள் வீட்டுக்காரர் ஜமால் அந்தப் பாலைவனத்துப் பட்டணம் ஒன்றில்தான் வேலை பார்த்தார். போய் நாலு வருஷம். அவர் போனபோது வயிற்றில் இருந்த பிள்ளை இப்போது ஓடி விளையாடுகிறது, போனில் தெரிகிற முகத்துக்குத்தான் அது வாப்பா என்று முத்தம் கொடுக்கும். மைமூன் பின்வாசலில் உட்கார்ந்து, தூரத்தில் கட்டடங்கள் தெரிவதையும் மெதுவாக நகர்வதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. வாய் திறந்து கேட்டிருந்தால்கூட அண்ணாச்சிக்கு மறுத்துச் சொல்ல ஒரு வழி கிடைத்திருக்கும்.

அண்ணாச்சி அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தார். மகளுக்கு நாள் நெருங்குகிறது, ஒவ்வொரு நாளும் அவருக்கு உயிர். ஆனால் கையில் பிள்ளையோடு ஒரு பெண் ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டால் வண்டியை எடுக்க விடாத மனுஷன் அவர். கடைசியில் மேற்குச் சுவரை ஒரு தட்டுத் தட்டி, பஸ்ஸை நிறுத்துகிற குரலில் "ஓல்டான்!" என்றார். கட்டடங்கள் நின்றன.

மைமூன் போன் போட்டுச் சொல்ல, ஜமால் ஒரு வாடகைக் காரில் புழுதி பறக்க வந்து இறங்கி, பின்வாசல் வழியாக ஏறி, எஸ்தரம்மா வீட்டு முன்னறையில் வெட்டுத்துணிகளுக்கு நடுவே தன் பிள்ளையை முதல்முதலாகத் தூக்கினார். பிள்ளை அவர் மூக்கைத் தொட்டுப் பார்த்தது. அன்று பகல் முழுக்க, ராத்திரி முழுக்க, மறுநாள் மத்தியானம் வரை வீடு நின்றது. அண்ணாச்சி விரல்விட்டு எண்ணிக்கொண்டே எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார், போய் ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. ஜமாலே எழுந்து வந்து அவர் கையைப் பிடித்து, அண்ணன் முறை வைத்து, "டூட்டி இருக்கு காக்கா, நீங்க வண்டிய எடுங்க" என்று சொன்ன பிறகுதான் போய் இரண்டு தட்டுத் தட்டினார்.

பிறகு மலைகள் வந்தன, பெயர் தெரியாத ஊர்கள் வந்தன, ஆப்பிள் மரங்கள் இலை உதிர்த்து நின்றன. கிறிஸ்துமஸ் அன்று காலையில் எஸ்தரம்மா பின்வாசலைத் திறந்தபோது ஊரே வெள்ளையாக இருந்தது. கூரைமேல் கட்டிய நட்சத்திர விளக்கை அவர் அடுப்படிப் பக்கமாக மாற்றிக் கட்டினார். மூங்கிலடித் தெருப் பிள்ளைகள் அன்று பனியை அள்ளிக் கிண்ணத்தில் போட்டு நன்னாரி சர்பத் ஊற்றித் தின்றன, எல்லாவற்றுக்கும் மறுநாள் தொண்டை கட்டியது, எஸ்தரம்மா வீட்டுக்கு வீடு முறுக்கோடு மிளகுக் கஷாயமும் கொடுத்துவிட்டார்.

சந்தோஷத்தை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். உப்புக் காற்றில் எஸ்தரம்மாவின் மிஷின் துருவேறிவிட்டது. வாடிக்கையாளர்களின் பட்டுத்துணியில் ஈரம் கோத்துப் புள்ளி விழுந்தது. எப்போது பார்த்தாலும் ஸ்வெட்டரும் மப்ளருமாக உட்கார்ந்து இருமிக்கொண்டே தைத்தார். பெருங்கடலுக்குள் வீடு போனபிறகு அந்த இருமல் தெருமுனை வரை கேட்டது. அண்ணாச்சிக்கு மனசு தாளவில்லை.

"போதும் எஸ்தரம்மா. பைய எடுத்துட்டுப் போயிருதேன். உங்க வீடு உங்களுக்கு வேணும். சாஸ்திரம் என்னவும் சொல்லிட்டுப் போவுது."

"எடுத்தா என்ன ஆவும்?"

"பயணம் நின்னுரும். உங்க மதிலு உங்களுக்கு வந்துரும்."

"சங்கரிக்கு?"

அண்ணாச்சி முக்காலியை நோக்கி ஒரு எட்டு வைத்தார்.

"அவ பெரியவளானப்ப பாவாட சட்ட தச்சது நான்" என்றார் எஸ்தரம்மா. "அளவெடுக்கும்போது தாய் இல்லாத மாதிரி அழுதா, அவ அம்மா பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தா, அப்பா வரலன்னு அழுதா. பையத் தொட்டீங்கன்னா பாத்துக்கிடுங்க, கத்தரிய எடுத்துக் கைய நறுக்கிருவேன்."

எனக்கு அந்த இடத்தில் கண் நிறைந்துவிட்டது, இப்போது சொல்லும்போதும் நிறைகிறது.

மார்கழி முடிய நாலைந்து நாள் இருக்கும்போது வீடு நின்றுவிட்டது. கனடாக் கரைக்குக் கொஞ்சம் முன்னால், பனிப்பாளங்கள் வந்து பின்வாசல் படியில் முட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அசையவிடாமல் பிடித்துக்கொண்டன. அண்ணாச்சி சுவரைத் தட்டினார், "ரைட் ரைட்" என்று கத்தினார், விசிலைத் தேடி எடுத்து வந்து ஊதியும் பார்த்தார். வீடு கேட்கவில்லை. பாலைவனத்தில் நின்ற அந்த ஒன்றரை நாளைப் பற்றி யாரும் பேசவில்லை, ஆனால் எல்லோரும் நினைத்தோம், மைமூன் வெளியே வருவதையே நிறுத்திவிட்டாள்.

இரண்டாம் நாள் மத்தியானம், நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரம், சங்கரியின் போன் வந்தது. அங்கே விடியாத காலை. பெரும் பனிப்புயல் வந்து ரோடெல்லாம் மூடிக் கிடக்கிறது, நாளுக்கு முன்னாலேயே வலி எடுத்துவிட்டது, ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்கிறார்கள், மாப்பிள்ளை கப்பல் நடுக்கடலில், பக்கத்து வீட்டில் ஆள் இல்லை.

"அப்பா, பயமா இருக்குப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அண்ணாச்சி போனைக் கையில் வைத்தபடி நடுத்தெருவில் வந்து நின்றார். அவர் முகத்தை நான் என் ஜன்னலில் இருந்து பார்த்தேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் வள்ளியூரில் பஸ் படிக்கட்டில் அப்படித்தான் நின்றிருப்பார் என்று தோன்றியது. இன்னொரு தடவை அந்த மனுஷனுக்கு அது நடக்கக் கூடாது என்று நான் என் சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன்.

பிறகு அவர் தெருவைப் பார்த்து, கூட்டமான பஸ்ஸுக்குள் கேட்கிற குரலில் கத்தினார்: "வண்டி நின்னுட்டு! எல்லாரும் எறங்கி ஒரு கை குடுங்க!"

முதலில் வந்தது மைமூன். இடுப்பில் இருந்த பிள்ளையை என்னிடம் திணித்துவிட்டு, எஸ்தரம்மா வீட்டு முன்சுவரில் இரண்டு கையையும் பதித்தாள். அந்தோணி வந்தான், அவன் தம்பிகள் வந்தார்கள், ஆட்டோ ஓட்டுகிற தளவாய் வந்தான், ஜோசியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார், கவுன்சிலர் வெள்ளைச் சட்டையைக் கழற்றி சைக்கிளில் போட்டுவிட்டு வந்தார், எச்சில் கையோடு வந்தவர்களும் உண்டு. தேர் தள்ளிப் பழகிய ஊர்தானே, ஒரு வீடு என்ன பெரிய வீடு. பிள்ளையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு இன்னொரு தோளால் நானும் முட்டுக்கொடுத்தேன். "தள்ளு! இன்னும் ஒரு தம்! தள்ளு!" என்று தளவாய் எடுத்துக் கொடுக்க, தெரு முழுக்க ஒரே மூச்சில் தள்ள, உள்ளே எஸ்தரம்மா அம்மிக் குழவியைத் தூக்கிப் பின்வாசல் பனிப்பாளத்தில் ஓங்கிப் போட, எங்கேயோ தூரத்தில் பெரிதாக ஒரு விரிசல் விழுகிற சத்தம் கேட்டது. சுவர் எங்கள் கைக்கு இளகிக் கொடுத்தது. வீடு கிளம்பியது, டவுன் பஸ் வேகத்தில் இல்லை, நடுவில் எங்கேயும் நிற்காத பாயிண்ட் டு பாயிண்ட் பஸ் வேகத்தில்.

"வந்துட்டு!" என்று எஸ்தரம்மா கத்தினார். "அண்ணாச்சி, எறங்குங்க!"

நாங்கள் முண்டியடித்து உள்ளே போய்ப் பார்த்தோம். பின்வாசலுக்கு நேரே, பனி இடுப்பளவு கொட்டிக் கிடக்க, பத்து எட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மரவீட்டுக் கதவு, கதவுக்குள் மஞ்சள் வெளிச்சம், வெளிச்சத்தில் நிலையைப் பிடித்துக்கொண்டு சங்கரி. அவளால் ஒரு அடி எடுத்துவைக்க முடியவில்லை. குனிந்து நின்று எங்களைப் பார்த்தாள், அத்தனை பேரையும் பார்த்தாள்.

அண்ணாச்சி நிலைப்படியில் நின்றுவிட்டார்.

"என்ன அண்ணாச்சி?"

"விசா இல்லையே" என்றார். "டிக்கெட் இல்லாத ஒருத்தர ஒரு ஸ்டாப்பு ஏத்துனது இல்ல நான். ஏ சங்கரி, உனக்கு இந்தியா பாஸ்போர்ட்டுதானம்மா, நீ வரலாம், நீ வாம்மா, நீ வாயேன்!"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முதுகில் கையை வைத்துத் தள்ளிவிடலாம் என்று போனேன், அதற்குள் சங்கரி, "அப்பா" என்று முனகிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான். "அபராதம் போட்டா போடட்டும்!" என்று சொல்லிவிட்டு, அறுபத்திரண்டு வயது மனுஷன், வேட்டியும் ரப்பர் செருப்புமாக, இடுப்பளவு பனிக்குள் குதித்தார். ஒரு செருப்பு அங்கேயே போயிற்று. போய் மகளைக் கைத்தாங்கலாக எழுப்பி, முடியாமல், இரண்டு கையிலும் வாரித் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். நாலு கை நீண்டு பிடித்து உள்ளே இழுத்தோம். எஸ்தரம்மா கல்யாணப் பெண் ஒருத்தியின் பட்டுச்சேலையை எடுத்துச் சங்கரியைப் போர்த்தினார். தளவாய் ஆட்டோவை வாசலோடு ஒட்டி நிறுத்தியிருந்தான். எங்கள் தெருவில் இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஐந்து நிமிஷம், அன்று அதற்கும் குறைவாகவே ஆனது.

பிரசவ அறைக் கதவுக்குப் பக்கத்தில் அண்ணாச்சி ஒற்றைச் செருப்போடு நின்றார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. உள்ளே இருந்து அந்த முதல் அழுகைச் சத்தம் கேட்டபோது, அவர் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். பெண் குழந்தை. பூத்துணி வேண்டும், பாலாடை வேண்டும் என்று நர்ஸ் சொல்ல, அவர் ஓடிவந்து எஸ்தரம்மா வீட்டு முக்காலியில் இருந்து பையை எடுத்தார். எடுத்த நிமிஷம் பின்வாசலில் அந்தோணி வீட்டு மதில் வந்து நின்றது, அதன்மேல் பூனை ஒன்று படுத்திருந்தது.

"அப்பாடா" என்றார் எஸ்தரம்மா. ஆனால் அன்று சாயங்காலம் வரை கதவைச் சாத்தாமல் மதிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நன்றி என்று வாயால் சொல்வது எங்கள் வழக்கம் இல்லை. அது மேடையில் மாலை போட்டுவிட்டுச் சொல்கிற சொல், வீட்டு வாசலில் நின்று சொன்னால் ஒட்டாது, இனிமேல் உன் சங்காத்தம் வேண்டாம் என்பது போல இருக்கும். அண்ணாச்சியும் சொல்லவில்லை. மகளுக்குப் பத்தியம் சமைத்து, பேத்தியைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி முடித்துவிட்டு, தினமும் காலையில் எஸ்தரம்மா வீட்டுக்குப் போய், தையல் மிஷினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, ஒவ்வொரு துண்டாக மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துரு எடுத்து எண்ணெய் போட்டார். மாசி முழுக்க அதுதான் வேலை. எஸ்தரம்மா எதிரே உட்கார்ந்து மெல்ல மெல்ல இருமல் குறைந்துகொண்டு வர, "அந்தச் சக்கரத்த இன்னுங் கொஞ்சம் தொடைங்க" என்று அதிகாரம் செய்வார். மிஷின் மறுபடி ஓடிய அன்று அதன் சத்தத்தைக் கேட்க நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். பட்டுச்சேலை கெட்டுப்போனதற்கு அந்தக் கல்யாணப் பெண் ஒரு சொல் சொல்லவில்லை, துவைத்துக்கூடக் கட்டவில்லை, அப்படியே பெட்டியில் வைத்திருக்கிறாளாம்.

விசா பங்குனியில் வந்தது. பேத்திக்கும் காகிதங்கள் வந்துசேர வைகாசி ஆகிவிட்டது. மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்து, எல்லோரையும் போலத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினார்கள். அங்கே ஒரு அதிகாரி சங்கரியின் பாஸ்போர்ட்டைப் புரட்டி, நீங்கள் இந்தியாவுக்குள் வந்த முத்திரையைக் காணோமே என்று கேட்டிருக்கிறார். பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுப் பின்வாசல் வழியாக வந்தேன் என்று இவள் சொன்னதும், "ஓ, அந்த வீடா, எங்க அத்தை சொன்னாங்க" என்று சொல்லிப் பேத்தியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு அனுப்பிவைத்தாராம். ஹாலிபாக்ஸில் இறங்கியதும் முதல் வேலையாக, முன்பு ஒரு தரம் அனுமதி இல்லாமல் உள்ளே வந்துவிட்டேன், அபராதம் எவ்வளவு என்று கேட்கப் போவதாக அண்ணாச்சி சொல்லிக்கொண்டே வந்தாராம். வாயைத் திறக்கக் கூடாது என்று சங்கரி சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

மற்றதையும் சங்கரிதான் எங்களுக்குப் போனில் சொன்னாள். விமானத்தில் ஒவ்வொரு இருக்கைக்கு முன்னாலும் ஒரு சின்னத் திரை இருந்ததாம், இன்னும் எவ்வளவு தூரம், இன்னும் எவ்வளவு நேரம் என்று அதில் எழுத்து ஓடிக்கொண்டே இருக்குமாம். சுற்றி இருந்தவர்கள் அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். அண்ணாச்சி பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு, தோளில் மகள் சாய்ந்திருக்க, கால் மரத்துப்போனதைக்கூடச் சொல்லாமல், அந்த எண் குறைவதையே பார்த்துக்கொண்டு வந்தாராம். பாதித் தூக்கத்தில் சங்கரி கண்விழித்துப் பார்த்தபோது அவர் திரையைக் கையால் மூடிக்கொண்டிருந்தார்.

"தூங்கலையாப்பா? இன்னும் ரொம்ப தூரம் இருக்குப்பா."

"இருக்கட்டும்மா" என்றாராம் அண்ணாச்சி. "மெதுவாப் போகட்டும்."